ராசம்மா வீட்டுச் சோறு ஏன் எடை குறைந்தது?

ராசம்மா அக்கா அரிசிப் பானையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார். நான் தரையில் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் ஈரமான பாக்காவ் மர விறகு புகைந்துகொண்டிருந்ததால் இருவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது.

"அரிசிய எடை போட்டா வீட்டுல தங்காது பாப்பா. கடைக்காரன் போடட்டும், அவன் விக்கிறவன். நான் எதுக்குப் போடணும்?"

"கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா. எடை போட்டதும் ஒரு மணி குறையாம உங்க கையிலேயே கொடுத்துடுவேன்."

"கண்ணு பட்டா?"

"என் கண்ணு தானே? நான் வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"திரும்பிக்கிட்டா எப்படி எடை பார்ப்ப?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் முந்தானை நழுவியது. அப்படித்தான் அந்த வீட்டு அரிசி முதன்முதலாக என் தராசில் ஏறியது.

போன வாரம் நான் பள்ளிப் படிப்பை முடித்த கதையை எழுதியிருந்தேன். "அவ்வளவு பாடுபட்டுப் படித்து என்ன கிழித்தீர்கள்?" என்று ஈப்போவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். படித்து முடித்து நான் பார்த்த முதல் வேலை, அடுத்த வீட்டுச் சோற்றை எடை போட்டது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

எதையும் விடாத மிஸ்

ரப்பர் விலை படுத்த படுக்கையாகிவிட்ட காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்ஃபீல்ட்ஸில் கிராணிமார் குவார்ட்டர்ஸ் ஒரு பக்கம், தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களின் லயன் வீடுகள் மறுபக்கம். நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு பலகைப் பாலமும்.

நான் படித்த பள்ளியில் சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்தவர் மிஸ் ஹார்ப்பர். நெட்டையான வெள்ளைக்காரப் பெண்மணி. கான்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த சமையலில் ஒரு உருப்படியைக்கூட எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை. அது அவருக்கும் ஒருநாள் உறைத்திருக்க வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் உண்மையில் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியும், வாயும் கொஞ்சம் நீளம். என்னையே துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

அப்பா மூன்று நிபந்தனைகள் போட்டார். நாலு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். ஆம்பளைகள் இருக்கும் நேரத்தில் மிஸ் இல்லாமல் போகக் கூடாது. எந்த வீட்டிலும் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மூன்றாவதை முதல் நாளே மீறினேன்.

மிஸ் கேட்காத கேள்வி கிடையாது. கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய் டின்னில் உட்கார்ந்துகொண்டு கேட்பார். சாமான் துலக்கச் சாம்பலா, மணலா? பைப்படிக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை? அகப்பையை ஏன் அந்த ஆணியில் மாட்டியிருக்கிறாய்? குழந்தை அழுதால் அடுப்பை யார் பார்ப்பார்கள்? பெண்கள் என்னைப் பார்த்து, "இதெல்லாம் தெரிஞ்சு இந்தம்மா என்ன பண்ணப் போவுது?" என்பார்கள். எனக்கும் தெரியாது. ஆனால் கேட்கக் கேட்க எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. சாக்கடைக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் இருந்தும் அந்த வீடுகளுக்குள் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லையே!

ஒருநாள் மிளகாய் அரைக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கக் கடிகாரத்தை எடுத்தார். அது லயன் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் ஒவ்வொரு வீட்டிலும் அம்மிச் சத்தம் ரயில் சத்தத்தை மிஞ்சியது. ஆறாம் நம்பர் வீட்டு அக்கா எல்லாரையும் முந்திவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டுக் குழம்பில் மிளகாய் விதை முழுசு முழுசாக மிதந்தது என்று அவர் கணவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தராசுக்கு வைத்த விருந்து

கேள்வியோடு நிற்காமல், வீடுகளில் சாப்பாடு போதுகிறதா என்று எடை போட்டு எழுதவும் மிஸ் ஆரம்பித்தார். இடையில் கிள்ளானுக்கும் போனோம். அங்கே துறைமுக வேலைக்காரர் வீடு ஒன்று. "வழக்கமா என்ன சமைப்பீங்களோ அதையே சமைங்க" என்று இரண்டு நாள் முன்னாலேயே போய்ப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

போய்ப் பார்த்தால் ஆட்டுக்கறி, முட்டை, வடை, பாயசம். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பித்தளைத் தட்டுகள் வேறு.

மிஸ் பரவசப்பட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். நான் அந்த வீட்டு அம்மாவை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய், "என்னக்கா இது?" என்றேன்.

"பின்ன? வெள்ளக்காரம்மா வீடு தேடி வருது, கருவாட்டையா எடை போட்டுக் காட்டுவாங்க? மானம் போயிடும்லா!"

அன்றிலிருந்து, எந்த வீட்டிலும் முதல் மூன்று நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுவது என்று மிஸ் முடிவு செய்தார். மூன்று நாளைக்கு மேல் யாராலும் விருந்து சமைக்க முடியாது. பாயசத்தை மட்டும் கிழிக்க முடியாதே, அதை நாங்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டோம்.

கஞ்சி, கல், காக்கை

மறுபடியும் ராசம்மா அக்காவிடம் வருகிறேன்.

அவர் கணவர் முனியாண்டி அண்ணன் தண்டவாளத்தில் சரளைக்கல் போடும் வேலை. அதிகம் பேசாதவர். மூன்று பிள்ளைகள். நாலாவது கைக்குழந்தை, நாலு மாதப் பெண். அந்தக் குழந்தைதான் எல்லாருக்கும் கவலையாக இருந்தது. பால் குடிக்கும், உடனே அழும். தொடையில் சதையே பிடிக்கவில்லை. தாய்க்குப் பால் போதவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

ஊரில் தாய்சேய் நலத்துக்கென்று ஒரு கிளினிக் இருந்தது. பால் கொடுக்கும் தாய்க்குச் சாப்பாடு போதவில்லை என்று அந்த வீட்டைப் பற்றி நாங்கள் எழுதும் தாள் காட்டினால், தாய்க்கும் பிள்ளைக்கும் அங்கே பால்மாவு டின் கொடுக்க மிஸ் ஏற்பாடு செய்திருந்தார். ராசம்மா அக்காவின் தாள் என்ன சொன்னது தெரியுமா? போதுமான சாப்பாடு இருக்கிறது என்றது.

தட்டுத் தட்டாக எடை போட எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். ஆகவே உலையில் போடுவதற்கு முன் அரிசியை எடை போட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கு வயசுப்படி பிரித்து எழுதுவோம். அப்படிப் பிரித்தால் அந்த வீட்டு அரிசி தாராளமாகப் போதும். அப்படியானால் அந்தப் பெண்மணியின் கன்னம் ஏன் இப்படி ஒட்டிக் கிடக்கிறது?

சரிபார்க்க மிஸ் வடித்த சோற்றையும் பானையோடு எடை போடுவார். எல்லா வீட்டிலும் அரிசிக்கு ஏற்ற சோறு வந்தது. ராசம்மா அக்கா வீட்டில் மட்டும் தினமும் குறைந்தது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். தினமும் குறைந்தால்?

மிஸ்ஸுக்குத் தூக்கம் போய்விட்டது. கஞ்சியில் போகிறதோ என்று வடித்த கஞ்சியை எடை போட்டோம். இல்லை. கல்லும் நெல்லும் நிறைய இருக்கிறதோ என்று முறத்தில் பொறுக்கியெடுத்ததை ஒரு காகிதத்தில் கட்டி எடை போட்டோம். ஒரு சிட்டிகைகூட இல்லை. தராசில் கோளாறோ என்று எங்கள் வீட்டுத் தராசைக் கொண்டுபோனேன். காக்கைக்கு வைக்கும் சோற்றைக்கூட விடவில்லை. கடைசியில் மிஸ், "நாளை விடிந்ததிலிருந்து நீ அங்கேயே உட்கார். அவள் செய்வதையெல்லாம் எழுது. மூச்சு விடுவதைத் தவிர" என்றார்.

இரண்டு காலைகள் உட்கார்ந்தேன். அரிசி எடை போட்டது, முறத்தில் கொட்டியது, புடைத்தது, கல் பொறுக்கியது, களைந்தது, உலையில் போட்டது, குழந்தையைத் தொட்டிலில் இட்டது, விறகைத் தள்ளியது. எல்லாம் எழுதினேன். அரிசி எங்கும் போகவில்லை என்று கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முறத்திலிருந்து அம்மா ஒரு பிடி அரிசியை அள்ளி, மூலையில் இருந்த சின்னப் பானையில் போட்டுவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

பிடியரிசி! கோயிலுக்கும் வெள்ளிக்கிழமை வரும் பண்டாரத்துக்கும் எந்த வீட்டிலும் எடுத்து வைக்கும் பிடியரிசி. நானே அம்மாவுக்கு முடியாத நாட்களில் போட்டிருக்கிறேன். ராசம்மா அக்காவும் என் கண்ணெதிரே, ஒரு முழ தூரத்தில், இரண்டு நாளும் போட்டார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எழுதவேண்டிய ஒரு வேலையாக அது எனக்குத் தோன்றவே இல்லை. மிஸ் அங்கே இருந்திருந்தால் முதல் நாளே "அது என்ன பானை?" என்று கேட்டிருப்பார். அவரை மிஞ்சிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு நன்றாக வேண்டும்.

நாலு பிடி

திங்கட்கிழமை ராசம்மா அக்கா வீட்டுக்குப் போனதும் நேராகப் பிடியரிசிப் பானையின் மூடியைத் திறந்தேன். அனுமதிகூடக் கேட்கவில்லை. வயசு அப்படி. பானை முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"அக்கா, எங்கம்மா தினம் ஒரு பிடிதான் போடுவாங்க. அது தராசுல தெரியாது. நீங்க எத்தனை போடுறீங்க?"

அவர் ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினார்.

"ரெண்டா?"

"நாலு" என்றார், ஊதுகுழலிலிருந்து வாயை எடுக்காமலே.

அப்புறம் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். அவருக்கு அஞ்சலை என்று ஒரு அக்கா. கேரி தீவுத் தோட்டத்தில் இருந்தார்கள். ஆள் குறைப்பில் அஞ்சலைக்கும் கணவருக்கும் பெயர் வெட்டிவிட்டார்கள். மற்றவர்களைப் போல ஊருக்குக் கப்பலேறச் சொன்னார்கள். அந்தக் கணவருக்கு நெஞ்சில் சீக்கு. கப்பலில் ஏற்றினால் நடுக்கடலில் போய்விடுவார் என்று அஞ்சலை போக மாட்டேன் என்று பிடிவாதமாக ஒரு குடிசையில் கிடந்தார். கிள்ளானிலிருந்து விறகு ஏற்றிவரும் லோரிக்காரர் தெரிந்தவர். வாரத்துக்கு ஒருமுறை அரிசிப் பொட்டலம் அவரோடு போய், அப்புறம் சம்பான் படகில் தீவுக்குப் போகும்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தொலைஞ்சேன். எங்க அக்கா புருசன் ஒரு கல்யாணப் பந்தியில இவர எழுப்பிவிட்டுட்டாரு, எட்டு வருசமாச்சு. என் வீட்டு அரிசி ஒண்ணு அவன் வீட்டு வாசல மிதிக்கக் கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னவரு இன்னிக்கும் மறக்கல."

"அப்ப பிள்ளைங்க சாப்பாடு?"

"புள்ளைங்க தட்டுல நான் கை வைக்கல பாப்பா. அவரு தட்டுலயும் வைக்கல. என் பங்குதான். எனக்குக் கஞ்சி இருக்குல்ல."

அந்தக் கஞ்சியில் ஒன்றுமில்லை என்று எடை போட்ட எனக்குத் தெரியும், பாவமாக இருந்தது. அதே நேரத்தில் உள்ளுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. இதை மறைக்க மாட்டேன். விடை கிடைத்துவிட்டதே!

இதை எழுதினால் அவர் சாப்பாடு போதவில்லை என்று தாள் சொல்லும், குழந்தைக்குப் பால் வரும் என்று சொன்னேன். எழுதாவிட்டால் வராது. அவர் எழுந்துபோய்த் தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டு வந்தார்.

"எழுதிக்க. அவரு காதுல மட்டும் விழ வேணாம்."

நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை

ஒரு வழக்கம் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுத் தாளையும் முடிக்கும்போது, அதைக் குடும்பத் தலைவருக்கு நான் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்டு, சரி என்று பெருவிரல் ரேகை வைப்பார். யாருக்கும் தெரியாமல் யார் வீட்டைப் பற்றியும் எழுதக் கூடாது என்று மிஸ் வைத்திருந்த விதி. நல்ல விதிதான்.

பிடியரிசி பற்றிச் சொன்னதும் மிஸ் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் அப்படிச் செய்கிறவரே அல்ல. "எதற்காக, யாருக்கு என்பதையும் எழுது" என்றார். எழுதினேன். அழகான இங்கிலீஷில், இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதினேன்.

சனிக்கிழமை பிற்பகல் முனியாண்டி அண்ணன் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மிஸ்ஸும் வந்திருந்தார். ராசம்மா அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கதவோரம் இருந்தார். நான் வாசித்தேன். விறகு இவ்வளவு, தண்ணீர் இத்தனை நடை, எண்ணெய், கருவாடு, கீரை. அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா தங்கச்சி" என்றார்.

அந்த இடம் வந்தது. வாசித்தேன். "வீட்டுக்காரம்மா தன் பங்கு அரிசியிலிருந்து தினமும் நாலு பிடி எடுத்து, கேரி தீவில் இருக்கும் தன் அக்காளுக்கு அனுப்புகிறார்."

"ஆமா" வரவில்லை.

"அத இன்னொரு வாட்டி வாசிங்க" என்றார்.

வாசித்தேன். அவர் என் மைப்பெட்டியை இழுத்து, விரலை அழுத்தி, ரேகையை வைத்தார். அப்புறம் மனைவியைப் பார்த்து, சத்தமே போடாமல், "அந்தப் பானைய எடுத்துட்டு வா" என்றார். அக்கா எடுத்து வந்தார். அண்ணன் அரிசியை வாங்கிப் பெரிய டின்னில் கொட்டிவிட்டு, காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தார். ராசம்மா அக்கா என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?" என்று மிஸ் கேட்டார்.

"ஒன்றுமில்லை, சம்மதித்துவிட்டார்" என்றேன்.

அடுத்த வாரம் அந்த வீட்டுச் சோற்றின் எடை அரிசிக்கு ஏற்றபடி கச்சிதமாக வந்தது. மிஸ் எனக்குக் கை கொடுத்தார். பால்மாவு டின்னும் வந்தது. இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தை கொழுகொழுவென்று ஆகிவிட்டது. இனி அந்த வீட்டுக்கு நான் வர வேண்டாம் என்று ராசம்மா அக்கா ஆறாம் நம்பர் அக்காவிடம் சொல்லியனுப்பினார்.

அஞ்சலையும் அவர் கணவரும் தை மாதத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள் என்று விறகு லோரிக்காரர் சொன்னார். அவர்களிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அந்த மனிதர் கரையைப் பார்த்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

மீன் கடைப் பக்கம்

அதற்கப்புறம் நான் ஆசிரியையாகி, மிஸ் ஹார்ப்பர் நடத்திய அதே வகுப்பை நானும் நடத்தினேன். மாணவிகளிடம் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிடியரிசியைக் கண்டுபிடித்த வரைக்கும் சொல்வேன். யாராவது துருவிக் கேட்டால், "வாசித்துக் காட்டுவது விதி, நான் என்ன செய்வது?" என்பேன். குழந்தை பிழைத்ததே, அது போதாதா என்றும் சொல்வேன்.

ராசம்மா அக்காவோ என்னைத் தெருவில் கண்டால் மறுபக்கம் போய்விடுவார். பல வருஷம் அப்படியே போயிற்று.

ஒருநாள் காலை பாசாரில் நேருக்கு நேர் வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. முனியாண்டி அண்ணன் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்தில் நெடுநெடுவென்று ஒரு பெண், கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தைதான். இந்த முறை அவர் ஒதுங்கிப் போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு பாப்பா" என்றார்.

"கேளுங்க அக்கா."

"தாளு இங்கிலீசுல இருந்துச்சு. அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வெள்ளக்காரம்மாவுக்குத் தமிழு தெரியாது. நீ அந்த ஒரு வரிய விட்டுட்டு வாசிச்சிருந்தா, யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

விதி என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமை அந்த வரி வந்தபோது என் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவு வந்தது. மற்ற வரிகளை முணுமுணுவென்று வாசித்தவள், அதை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி, நிதானமாக வாசித்தேன். அண்ணன் காதில் விழாது என்று அக்காவுக்குத் தலையாட்டியது அப்போது எனக்கு மறந்துபோகவும் இல்லை.

"கண்டுபிடிச்சது நானாச்சேன்னு பெருமையா இருந்துச்சு அக்கா" என்றேன். அதைத் தவிரச் சொல்வதற்கு உண்மையில் வேறு எதுவும் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதுக்குத்தானா?" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மீன் கடைப் பக்கம் நடந்து போய்விட்டார்.